ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன நடக்கப்போகுது?

தங்கச்சி ரியூசனுக்கு வெளிக்கிட்டால் எங்கள் வீடுகளில் ஆயிரம் கேள்வி. ஆரோடை போறாய், எத்தினை மணிக்கு முடியும், வாத்தி எப்பிடி ஆள். தம்பி வெளிக்கிட்டால் ஒன்றும் இல்லை. "அவன் ஆம்பிளைப் பிள்ளைதானே, என்ன நடக்கப்போகுது?"

நடக்குது. சனம் நெரியிற பஸ்ஸில் உரசுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடப் பெடியனும் இலக்குத்தான். தெரிந்த அண்ணை, சொந்தக்கார மாமா, விளையாட்டுப் பழக்குகிறவர் என்று வீட்டார் நம்பி விட்ட ஆட்களே கை வைக்கிறார்கள். செய்தது பெண் என்றால் இன்னும் மோசம். "நீ குடுத்து வைச்சனியடா" என்று சிரித்துக் கதையை முடித்துவிடுவார்கள். தங்கச்சிக்கு நடந்தால் குற்றம், தம்பிக்கு நடந்தால் அதிர்ஷ்டம். நல்ல நியாயம்!

பல்கலைக்கழக விடுதியில் புதுமுக மாணவனின் உடுப்பைக் கழற்றச் சொல்வதையும் 'பகிடி' என்கிறோம். அது பாலியல் வன்முறை. பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு செய்தால் 10 வருடம் வரை சிறை என்கிறது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அதில் ஆண், பெண் என்ற பிரிப்பு இல்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழும் பாலியல் தொந்தரவுக்கு ஆளான ஆண் முறையிடலாம். ஆனால் அதே திருத்தம், வன்புணர்வை ஆண் பெண்ணுக்குச் செய்வதாக மட்டுமே 363ஆம் பிரிவில் வரையறுத்தது. "என்ன நடக்கப்போகுது" என்ற கதை சட்டத்துக்குள்ளும் குந்தியிருக்கிறது.

சட்டம் இருக்கிற இடத்திலும் பெடியன் ஏன் முறையிடுவதில்லை? "நீ ஏன் திருப்பி அடிக்கேல்லை?" என்று கேட்பார்கள். பிறகு, "நீயும் அப்பிடியான ஆளோ?" ஆண்களுக்கிடையிலான உறவை நீண்டகாலமாகக் குற்றமாக வைத்திருக்கும் நாட்டில் இது வெறும் நக்கல் இல்லை, மிரட்டல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். பெண்கள் வாய் திறக்கும்போது மட்டும் "ஆம்பிளையளுக்கும் நடக்குதுதானே" என்று ஓடிவருகிறவர்களோடு நாங்கள் இல்லை. உங்களுக்கு வேண்டியது பெண்ணின் வாயை மூடுவது. இந்தப் பெடியனுக்காக நீங்கள் எப்போது கதைத்தீர்கள்? பெண்ணை அடங்கு என்றும் ஆணை அழாதே என்றும் சொல்வது ஒரே ஆணாதிக்கம்தான்.

தம்பிமாரிடமும் கேளுங்கள். சொன்னால் சிரிக்காதீர்கள், "ஏன் அப்பவே சொல்லேல்லை" என்று அதட்டாதீர்கள். நம்புங்கள். சிறுவர் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அழைத்தால் குடும்ப மானம் போகாது. செய்தவனை இன்னமும் வீட்டுக் கலியாணத்துக்குக் கூப்பிட்டுப் பந்தியில் இருத்துகிறோமே, அதில்தான் போகிறது.