முன்கதைச் சண்டை

தொடர்கதை படிக்கிற உங்களுக்கு 'முன்கதைச் சுருக்கம்' புதிதல்ல. அடுத்த வீட்டு அம்மாள் இரவல் வாங்கிப் போன இதழ் திரும்பி வராத வாரங்களில் அந்த நாலு வரிதான் கைகொடுக்கும். ஆனால் கதை முடிந்து, சுபம் போட்டு, பதினாறு வருஷமும் கழிந்த பிறகு, "இப்போது முன்கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்று ஒருவர் வந்து நின்றால்? அமெரிக்க டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் அதைத்தான் செய்தார். அன்று மூண்ட சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

1977-ல் அவர் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' விண்வெளியில் நடக்கிற ராஜகுமாரிக் கதை. 1980-லும் 1983-லும் அதன் தொடர்ச்சிகள் வந்தன. கறுப்பு முகமூடிக்குள் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடும் டார்த் வேடர் என்ற கொடியவன்தான் கதாநாயகன் லூக்கின் தகப்பன் என்பது அதில் பெரிய மர்மம். 1981-ல் முதல் படத்தை மறுபடி திரையிட்டபோது அதற்கு 'நான்காம் பாகம்' என்று தலைப்பு வைத்துவிட்டார் லூகாஸ். அப்படியானால் முதல் மூன்று எங்கே? ஜனங்கள் தவம் கிடந்தார்கள். 1998-ல் முன்னோட்டத் துண்டு வந்தபோது, அதற்காகவே வேறு படத்துக்கு முழு டிக்கெட் வாங்கி, துண்டு முடிந்ததும் எழுந்து போனவர்களும் உண்டு! அனாகின் என்ற நல்ல பையன் எப்படி வேடர் ஆனான் என்று சொல்லும் மூன்று படங்கள் 1999, 2002, 2005 வருஷங்களில் வந்தன.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். "வசனமா அது? மரக்கட்டை! வரி விதிப்பும் வியாபாரத் தகராறும் கேட்கவா டிக்கெட் வாங்கினோம்? போதாக்குறைக்கு ஜார் ஜார் என்ற நீண்ட காதுக் கோமாளி வேறு!" என்றது ஒரு கட்சி. "ஒரு குடியரசு யுத்த பயத்தில் தானே ஓட்டுப் போட்டு சர்வாதிகாரியை உண்டாக்குகிற கதையைக் குழந்தைகளும் பார்க்கிற படத்தில் சொல்லியிருக்கிறாரே, அது சாமானியமா?" என்றது மற்றது. அவசர அதிகாரத் தீர்மானத்தைச் சபையில் கொண்டு வருகிறவனே அந்தக் கோமாளிதான். 1999-ல் அரை நிஜாரோடு படம் பார்த்த பையன்கள் வளர்ந்து ஆளான பிறகு இரண்டாவது கட்சிக்குப் பலம் கூடிவிட்டது. என் ஓட்டும் அநேகமாக அந்தப் பக்கமே.

இந்தக் கூச்சலில் மனிதர்கள் மிதிபட்டதையும் சொல்ல வேண்டும். ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்ட், அன்று பொழிந்த வசவைத் தாங்க மாட்டாமல் உயிரையே விட்டுவிட நினைத்ததாக 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2023-ல் ஸ்டார் வார்ஸ் டெலிவிஷன் தொடர் ஒன்றில் குழந்தையைக் காப்பாற்றும் வீரனாக அவர் தோன்றியபோது ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால் ஸ்திரீ ரசிகர்களின் வழக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் அசல் வழக்காகப் படுகிறது. அது பத்மேயின் வழக்கு.

முதல் படத்தில் பத்மே பதினான்கு வயது ராணி. பரம்பரை ராணி அல்ல, ஜனங்கள் தேர்ந்தெடுத்தவள். கீழ்விளிம்பில் விளக்கு எரியும் அவளுடைய சிவப்பு அங்கியைப் பற்றியே தனியாக ஒரு பக்கம் எழுதலாம். பகைவர் நாட்டைப் பிடித்ததும், தன் இனம் நெடுங்காலமாக இளக்காரமாக நினைத்து வந்த ஜார் ஜாரின் கூட்டத்தார் முன் மண்டியிட்டு உதவி கேட்கிறாளே, அந்த இடம் ஒன்று போதும். துப்பாக்கியோடு போய் அரண்மனையை மீட்கிறாள். இரண்டாவது படத்தில் தூணில் கட்டிப் போடுகிறார்கள். கூடக் கட்டுண்ட இரண்டு வீரர்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே இவள் பூட்டைத் திறந்து தூண் உச்சிக்கு ஏறிவிடுகிறாள்.

மூன்றாவது படத்தில்? மாடியில் நின்று தலை வாருகிறாள். அனாகினுக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டுச் செத்துப்போகிறாள். காரணம் கேளுங்கள்: உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, வாழும் ஆசை போய்விட்டது என்கிறது வைத்திய யந்திரம்! அதே இரவில் கை கால் வெந்து கிடந்த அனாகினுக்குப் புது அவயவமும் புது மூச்சும் வைத்துப் பிழைக்க வைக்கிறார்கள். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுகிற அந்த நாகரிகத்தில், வயிற்றில் இருப்பது இரட்டை என்பதே பிரசவ மேஜையில்தான் கூட இருப்பவர்களுக்குத் தெரிகிறது. இதைக் கேட்டுச் சிரிக்காத பெண்பிள்ளை உண்டா?

இன்னொரு வில்லங்கமும் உண்டு. 1983 படத்தில் மகள் லேயா, தன் சொந்தத் தாய் அழகும் சோகமுமாக இருந்தது கொஞ்சம் நினைவிருக்கிறது என்கிறாள். 2005 படத்தின்படி அந்தத் தாயோடு அவள் இருந்தது சில நிமிஷங்கள்! தெய்வ சக்தி உள்ள குழந்தை என்று சமாதானம் சொல்கிறார்கள். பிள்ளை பெற்றவர்கள் ஒப்புக்கொள்வார்களா, தெரியாது. சக்கரவர்த்திதான் மந்திரத்தால் அவள் உயிரை உறிஞ்சி வேடருக்குக் கொடுத்தான் என்று ரசிகர்களே ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். மனம் ஒடிந்து செத்தாள் என்பதை அவர்களாலும் ஜீரணிக்க முடியவில்லை போலும்.

இத்தனைக்கும் வேறு பத்மே ஒருத்தி படம் பிடிக்கப்பட்டிருந்தாள். சர்வாதிகாரத்தை எதிர்த்துச் சபை அங்கத்தினர்களை ரகசியமாகக் கூட்டி, கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்கிறாள். பின்னால் மூளும் கலகத்துக்கு அதுதான் வித்து. அந்தக் காட்சிகளை எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள். அவளோடு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மான் மாத்மா என்ற பாத்திரமும் அநேகமாகக் காணாமல் போயிற்று. அதில் நடித்த ஜெனிவீவ் ஓ'ரெய்லியை 2016-ல் மறுபடி அழைத்தார்கள். 2022-லும் 2025-லும் வந்த 'ஆண்டார்' தொடரில் அவருக்குப் பெரிய பங்கே கிடைத்தது. பத்மேக்கும் 2019-ல் ஈ. கே. ஜான்ஸ்டன் எழுதிய நாவல் ஒன்று ஆறுதல் பரிசாகக் கிடைத்தது.

2025 ஏப்ரலில், இருபது வருஷம் நிறைந்ததற்காக மூன்றாவது படத்தைத் தியேட்டர்களில் மறுபடி திரையிட்டார்கள். நல்ல கூட்டம். வெட்டிய காட்சிகள் அதில் சேரவில்லை. பத்மே அதே மேஜையில், அதே காரணத்துக்காகவே கண்ணை மூடினாள்.