மாலையில் ஒரே மூட்டையா?

கணிப்பொறி விளையாட்டு அமைக்கும் மாணவர்கள் சிலர், நாள் முழுதும் செய்த மாற்றங்களை மாலையில் ஒரே மூட்டையாகக் 'கிட்'டில் பதிகிறார்கள். குறிப்பு, 'திருத்தம்' என்ற ஒரே சொல். இதை நான் ஏற்கமாட்டேன்.

'கோடோ' விளையாட்டுத் தொகுப்பானில் இருபரிமாண ஈர்ப்பு முடுக்கம் முதலில் 980 என்றிருக்கும். (வினாடி வர்க்கத்துக்கு இத்தனை படப்புள்ளிகள், மீட்டரன்று!) அதை 600 ஆக்கி, குதிவேகத்தையும் கூட்டி, அழகான பின்னணியும் சேர்த்தீர்கள். மறுநாள் வீரன் மேடையைத் தாண்டிப் பறக்கிறான். எது காரணம்? மூட்டையை நீக்கினால் பின்னணியும் போய்விடும்.

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் படைத்த கிட், எந்த வரி மாறியது என்று காட்டும். ஏன் மாறியது என்பது அதற்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு அளவுகளை ஒருசேர மாற்றுவோமா? ஈர்ப்பை மாற்றியதும், 'நிலவில் குதிப்பதுபோல் தோன்ற ஈர்ப்பு குறைக்கப்பட்டது' என்று எழுதிப் பதியுங்கள். பிறகு குதிவேகத்தைத் தொடுங்கள்.