ரத்தம்தான் கொத்தனார்!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்னாலே நம்ம பசங்களுக்கு அலர்ஜி. 'பைப்ல தண்ணி ஓடுறதுக்கு இவ்ளோ ஈக்வேஷனா? இதெல்லாம் எங்கே யூஸ் ஆகப் போகுது?'னு புலம்பாத ஆள் உண்டா? பதில் உங்க சட்டைப் பாக்கெட்டுக்குப் பின்னாடியே துடிச்சிக்கிட்டு இருக்கு பாஸ்!

முதல்ல இதயம் உருவாகும், அப்புறம் அது ரத்தத்தை பம்ப் பண்ணும்... இப்படித்தானே நினைக்கிறோம்? கதையே வேற. கருவில் இதயம் முதலில் வெறும் ஒரு குழாய்தான். தனித்தனி அறைகள் கிடையாது, வால்வு கிடையாது. மனிதக் கரு உருவாகி சுமார் 22 நாளிலேயே அந்தக் குழாய் துடிக்க ஆரம்பிச்சிடும். வீடு முடியறதுக்கு முன்னாடியே குடித்தனம் வந்த மாதிரி! அதைவிட ஆச்சர்யம், மிச்ச வீட்டைக் கட்ட அந்தக் குடித்தனக்காரரும் செங்கல் எடுத்துத் தர்றார். அவர்தான் ரத்தம்!

அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் நடந்து, 2003-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆராய்ச்சி இதைக் காட்டியது. அந்த டீமில் உயிரியல்காரர்களோடு கைகோத்த மோர்டெஸா கரீப் யார் தெரியுமா? ஏரோநாட்டிக்ஸ் புரொஃபசர்!

அவங்க எடுத்துக்கிட்டது ஸீப்ரா மீனோட கரு. கண்ணாடி மாதிரி இருக்கும், மைக்ராஸ்கோப்ல பார்த்தா இதயம் துடிக்கிறது அப்படியே தெரியும். ரத்தம் ஓடாட்டியும், தோல் வழியாவே ஆக்சிஜன் கிடைக்கிறதால அந்தக் குட்டிக் கரு சில நாள் உயிரோட இருக்கும். அதோட இதயத்தின் வாசலில், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள கண்ணாடி மணியை வெச்சாங்க. சில கருக்களில் ரத்தம் உள்ளே வர்ற வழியை அடைச்சாங்க, சிலதில் வெளியே போற வழியை.

ரிசல்ட்? இதயம் துடிச்சது. ஆனா, குழாய் சரியா வளையலை. வால்வு உருவாகலை. இன்னொரு அறையும் வரலை. மணியை வெச்சும் ரத்த ஓட்டம் அடைபடாத கருக்களில் இதயம் நார்மலா வளர்ந்தது. ஸோ, குற்றவாளி மணி இல்லை... நின்னுபோன ஓட்டம்!

எப்படி? ஓடுற ரத்தம் சுவரை உரசும். நாம பரீட்சைக்காக மனப்பாடம் பண்ற அதே ஷியர் ஸ்ட்ரெஸ்! சுவரில் இருக்கிற செல்கள் அந்த உரசலை உணர்ந்து, சில ஜீன்களை 'ஆன்' பண்ணும். வால்வு வரவேண்டிய இடத்தில் ரத்தம் முன்னும் பின்னும் அலைபாயறதுதான் 'இங்கே வால்வு கட்டு'ங்கிற சிக்னல்னு 2009-ல் வந்த இன்னொரு ஸீப்ரா மீன் ஆய்வு சொன்னது.

மீன் சமாச்சாரம்தானேனு தள்ளிடாதீங்க. பிறக்கிற குழந்தைகளில் சுமார் நூற்றில் ஒன்றுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கு. சில சிசுக்களுக்கு கர்ப்பத்திலேயே இதயத்தோட ஒரு வால்வு சுருங்கிப்போய், இடது கீழறை வளராமல் நின்னுடும். அம்மாவோட வயிறு வழியா மெல்லிய ஊசியைச் செலுத்தி, குட்டி பலூனால் அந்த வால்வைத் திறந்துவிடுற சிகிச்சை சில நாடுகளில் நடக்குது. 'ரத்தம் ஓடட்டும், அறை தானா வளரும்'ங்கிற நம்பிக்கைதான் அதுக்கு அடிப்படை. எல்லா சிசுவுக்கும் இது பலிக்காது. பலிச்சா, அந்தக் குழந்தைக்கு முழு இதயம் கிடைக்க ஒரு சான்ஸ்!

எந்த சிசுவுக்கு, எந்த வாரத்தில், எவ்வளவு ஓட்டம் தேவை? இந்தக் கணக்கைப் போட டாக்டர் மட்டும் போதாது. ஓட்டத்தைப் படிச்ச ஆளும் வேணும். மெக்கானிக்கலோ, சிவிலோ, ஏரோவோ... அந்த ஆள் ஏன் நீங்களா இருக்கக் கூடாது?

அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா!