மேட்ச் முடிஞ்சதும் கூல்டிரிங்ஸா? கடலோர ஸ்போர்ட்ஸ் கிளப்புகள் போட வேண்டிய சர்க்கரைக் கணக்கு!

பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என ராமநாதபுரம் கடலோர ஊர்களில் மாலை வெயில் இறங்கினதும் ஃபுட்பால், வாலிபால், கபடின்னு மைதானம் களைகட்டும். ஆட்டம் முடிஞ்சதும் கைக்கு வருவது பல நேரம் கூல்டிரிங்ஸ்தான். "இவ்வளவு ஓடியிருக்கான், குடிச்சா என்ன?" என்பது பலரின் நினைப்பு. அது சரியா?

ஒரு பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை?

வழக்கமான கோலா பானத்தில் 100 மி.லி.க்கு சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கு. 250 மி.லி. குடித்தால் சுமார் 26 கிராம். ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிஞ்சது. தமிழ்நாட்டில் 14.4% பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னதையும் மறந்துவிடக் கூடாது.

ஆடுறவங்களுக்கு எனர்ஜி வேண்டாமா?

ஆண்கள் கபடி ஆட்டமே 40 நிமிடம்தான். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஆட்டத்துக்கு தண்ணீரே போதும். கடும் வெயிலில் நீண்ட நேரம் ஆடினால் வியர்வையோடு உப்பும் போகும். அதுக்கு உப்பு போட்ட மோர், சர்க்கரை குறைத்த எலுமிச்சை ஜூஸ் கைகொடுக்கும். எனர்ஜி டிரிங்க்ஸ் வேற கதை. அதில் கஃபீன் இருக்கு. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும்.

'ஓ.ஆர்.எஸ்.' பெயரில் நடந்த குழப்பம்

உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில், ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளுக்கோஸ் வெறும் 13.5 கிராம். ஆனால் அதைவிட பல மடங்கு சர்க்கரை உள்ள பானங்களும் 'ஓ.ஆர்.எஸ்.' பெயரோடு விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷின் பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, 2025 அக்டோபரில் இந்தப் பெயரைப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது.

பதநீர், இளநீர் ஓகேவா?

இளநீரில் சர்க்கரை குறைவு, பொட்டாசியம் அதிகம். நல்ல சாய்ஸ். பதநீர் நம்ம மண்ணின் பானம்தான். ஆனால் அதன் இனிப்பு கிட்டத்தட்ட கோலா அளவுக்கே வரும். சீசனில் ஒரு டம்ளர் போதும். 2017-ல் ஜல்லிக்கட்டு போராட்டத்துக்குப் பின் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. அதன் நோக்கம் உள்ளூர் பானங்களை வளர்ப்பது. ஆனால் உள்ளூர் கம்பெனி கூல்டிரிங்ஸா இருந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

வரி ஏறினதே, விற்பனை குறையாதா?

2025 செப்டம்பர் 22 முதல் குளிர்பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40%. ஆனால் முன்பும் 28% வரி, 12% செஸ் சேர்த்து அதே 40%தான். அதனால் வரியை மட்டும் நம்பிப் பலனில்லை.

கிளப்புகள் என்ன செய்யலாம்?

பெரிய சிக்கல் தண்ணீர்தான். ராமநாதபுரம் கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரி கூட்டுக்குடிநீர் வந்த பிறகும் கேன் தண்ணீரை நம்பும் வீடுகள் உண்டு. மைதானத்தில் குடிக்கத் தண்ணியே இல்லைன்னா, பையன் கூல்டிரிங்ஸைத்தான் வாங்குவான். அதனால்,

* டோர்னமென்ட் நுழைவுக் கட்டணத்திலேயே தண்ணீர் கேன் செலவைச் சேர்த்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம்.
* ஐஸ் பெட்டியில் தண்ணீர், மோர், இளநீர் முன்னால், கூல்டிரிங்ஸ் பின்னால். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் விளையாட்டு மையங்களுக்கான வழிகாட்டுதலில் பானங்களையே பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்திருக்கிறார்கள்.
* ஆட்டத்தில் ஜெயித்த சிறுவர்களுக்கு கூல்டிரிங்ஸ் வாங்கித் தரும் பழக்கத்தை விடலாம்.

ஸ்டால் வருமானம் போயிடுமேன்னு கமிட்டி கவலைப்படலாம். அந்தக் காசில்தான் பந்தும் நெட்டும் வாங்குறாங்க என்பதும் உண்மை. ஆனால் மோரும் எலுமிச்சையும் விற்றாலும் லாபம் உண்டு. பையன் என்ன குடிக்கிறான் என்பதை பாதி தீர்மானிப்பது கிளப் வைக்கும் ஐஸ் பெட்டிதான்.