அத்தோவும் அசலும்

'அசல்' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் வரட்டும். கடன் பத்திரத்தில் வட்டிக்குப் பக்கத்தில் வரட்டும். நீதிமன்றத்தில் நகலுக்கு எதிராக வரட்டும். சாப்பாட்டு மேஜையில் அது வந்து உட்கார்ந்துகொண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அங்கே அது எவனோ ஒருவனுடைய சோற்றை மட்டம் தட்டாமல் எழுந்து போவதில்லை.

சமீபத்தில் நாங்கள் நால்வர், சென்னையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு தென்கிழக்காசிய உணவு விடுதிக்குப் போயிருந்தோம். பெயர் அவசியமில்லை. மங்கலான விளக்கு, மூங்கில் தடுப்பு, தாய்லாந்து, வியட்நாம், பர்மா என்று மூன்று தேசத்துச் சமையல். நண்பர்களில் ஒருவர் பேராசிரியர். ஒருவர் வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் காரைக்குடிப் பக்கம். தம் வீட்டு முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற செய்தியை எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடும் சாமர்த்தியசாலி. மூவரும் நல்லவர்கள். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

பரிசாரகரிடம் அவர்கள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? மீன் வாடை கூடாது. இறால் பொடி கூடாது. 'ஙப்பி' கிட்டவே வரக்கூடாது. மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த விழுதுதான் ஙப்பி. பர்மியச் சமையலில் அதை எடுத்துவிடுவது, நம் சமையலில் புளியையும் பெருங்காயத்தையும் சேர்த்து எடுத்துவிடுவது போல. எடுத்துவிட்டார்கள். பிறகு தேங்காய்ப் பாலில் கடலைமாவு கரைத்த கௌஸ்வே, பெரிய பீங்கான் கிண்ணத்தில் ஆவி பறக்க வந்தது. பேராசிரியர் இரண்டு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான் ஐயா அசல் பர்மாச் சாப்பாடு! பீச் ஸ்டேஷன் பக்கம் வண்டியில் அத்தோ என்று விற்கிறார்களே, அது அகதிகள் கட்டிவிட்ட கதம்பம். அதுவும் கையால் பிசைந்து கொடுக்கிறான்!"

மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் கை விஷயம். பர்மிய மொழியில் 'லெட்' என்றால் கை. 'தோ' என்று முடிகிற பண்டங்கள் எல்லாம் கலந்து பிசைந்தவை. கையால் பிசைந்தது 'லெத்தோ'. நம் தெருவில் 'அத்தோ' என்று வழங்குவதும் அந்தப் பிசைதலின் பெயரேதான். பிசையாத அத்தோ வேண்டும் என்பவர் ஊற்றாத தோசை கேட்பவர். அன்று அந்த விடுதியில் ஊறிய தேயிலை, வறுத்த பூண்டு, எள், கடலை, பயறு எல்லாவற்றையும் தட்டில் தனித்தனியே வைத்துக் கொண்டுவந்து, எங்கள் கண்ணெதிரே இரண்டு கரண்டிகளால் கலந்து கொடுத்தார்கள். வங்கி நண்பர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். கரண்டி செய்தால் கலை, கை செய்தால் அசிங்கமா?

அடுத்தது அகதி. அவர்களுக்கு அரசாங்கம் காகிதத்தில் கொடுத்த பெயர்கூடத் 'தாயகம் திரும்பியோர்' என்பதுதான். 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது காடும் மலையும் கடந்து லட்சக்கணக்கில் நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. யுத்தம் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் தொழில்களும் தேசியமயமாயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஓர் உத்தரவு. ஆயுட்காலச் சேமிப்பு ஒரே நாளில் வெறும் தாளாகிவிட்டது. பெண்டு பிள்ளைகளோடு கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்கினார்கள். 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வரிசையாகச் சின்னக் கடைகள் அமைந்து 'பர்மா பஜார்' என்று பெயர் பெற்றது. அந்தப் பக்கத்துத் தெருக்களில்தான் அத்தோ வண்டிகள் நின்றன, இன்றும் நிற்கின்றன.

அந்த வண்டியில் என்ன இருக்கிறது? மஞ்சளும் சிவப்புமாக நிறமேற்றிய நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு வறுத்த எண்ணெய், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சாறு. அங்கே மொஹிங்கா என்ற மீன் குழம்பில் கிடந்த அதே வாழைத்தண்டுதான். இரண்டாம் முறை வந்தவர்கள் கையில் பணம் இல்லை. வாங்குகிறவனும் மண்ணடியில் மூட்டை தூக்குகிறவன். கிடைத்ததைப் போட்டார்கள், கிடைக்காததை விட்டார்கள். இவர்கள் வயிற்றுக்காக மாற்றினால் அது கதம்பம். மூக்குச் சுளிக்கும் வாடிக்கையாளருக்காக விடுதிக்காரர் ஙப்பியை ஒளித்துவைத்தால் அது அசல்! இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பர்மியர்களைப் பாருங்கள். நம் தோசையை வாங்கித் 'தோஷே' என்று வைத்துக்கொண்டார்கள். பரோட்டாவைப் 'பலாட்டா' ஆக்கினார்கள். சமோசாவை வெட்டிப்போட்டு, கோஸும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து அதையும் ஒரு 'தோ' ஆக்கிவிட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து யாராவது போய், "இது அசல் தோசையில்லை" என்று சொன்னால் சிரிப்பார்கள்.

போனவர் எல்லோரும் புண்ணியவான்கள் என்று நான் வாதாட வரவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. அந்த உழவனின் வயிற்றெரிச்சலும் கற்பனையல்ல. ஆனால் 1964இல் கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்களும் சில்லறைக் கடைக்காரர்களும். வட்டியின் லாபம் தேக்குத் தூணாக வந்து முகப்பில் நின்றுகொண்டது. அதைத் தடவிப் பார்த்து, "அசல் பர்மாத் தேக்கு" என்கிறோம். வட்டியின் பகையைக் கூலிக்காரன் சுமந்து வந்தான். அவனைக் கதம்பம் என்கிறோம். இதைக் காரைக்குடி நண்பரிடம் நேராகவே சொன்னேன். கொஞ்ச நேரம் தேயிலையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

1952இல் 'பராசக்தி' வந்தபோது, ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கிய குணசேகரன் ஏமாற்றப்பட்டதைக் கண்டு தமிழ்நாடு முழுவதும் கண்ணீர் விட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்துக் குணசேகரன்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். திரையில் இருந்தவனுக்கு அழுதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பஜாரில் பேரம் பேசுகிறார்கள், விடுதியில் அசல் பேசுகிறார்கள்.

விடுதியின் கௌஸ்வே நன்றாகத்தான் இருந்தது. நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சமைத்தவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் பேராசிரியர், "சரி ஐயா, அவ்வளவு சொல்கிறீரே, அங்கே சுத்தம் எப்படி?" என்றார். சுத்தத்தைப் பற்றிக் கேட்பது நியாயம். அதற்குப் போய்ப் பார்க்கவேண்டும். நாற்பது வருஷமாகச் சென்னையில் இருக்கிற அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் வண்டியைச் சுற்றி நின்று சாப்பிடலாம், விடுதியின் ஒரு கிண்ணத்துக்குக் கொடுத்த காசில் நாங்கள் நால்வரும் சாப்பிடலாம், வாழைத்தண்டுச் சாறு மறுபடி கேட்டாலும் ஊற்றுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாள் சொல்வதாகச் சொன்னார், இன்னும் சொல்லவில்லை.