ஓடுகிறவனுக்கு எது சொந்த நாடு?

ஒரு மனிதன் எந்த நாட்டான் என்று கேட்டால், அவன் எங்கே பிறந்தானோ அந்த நாட்டான் என்று எல்லோரும் யோசியாமல் சொல்லி விடுவார்கள். ஏன் என்று கேட்டால் மாத்திரம் பதில் வராது. பிறக்கும் இடத்தை எவரும் மனுப் போட்டு வாங்கிக்கொண்டு வருவதில்லை. பிறந்த சாதி எப்படியோ அப்படியே பிறந்த தேசமும் மனிதனுடைய சம்மதத்தைக் கேளாமல் அவன் தலையில் ஏற்றப்பட்டதேயாகும். இந்தப் பிறவிச் சொந்தத்துக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதை ஒரு ஓட்டக்காரருடைய வாழ்க்கையை வைத்து யோசித்துப் பார்க்க விரும்புகின்றோம்.

பிரான்சிஸ் ஒபிக்வேலு என்பவர் 1978-ம் வருஷம் ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்தின் ஒனிச்சா பட்டணத்தில் பிறந்தவர். 1994-ல் போர்ச்சுகல் தேசத்துத் தலைநகரான லிஸ்பனில் உலக இளைஞர்களின் ஓட்டப் பந்தயங்கள் நடந்தன. நைஜீரியாவுக்காக ஓட வந்த அந்தப் பதினைந்து வயதுப் பையன், பந்தயம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பவில்லை. கையில் பணமில்லை; அந்த ஊர்ப் பாஷை தெரியாது; தெரிந்த முகம் ஒன்றுமில்லை. தெற்கே அல்கார்வ் என்னும் பகுதிக்குப் போய்க் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். பிறகு ஓர் ஆங்கில ஆசிரியை அவருடைய நிலைமையை அறிந்து, லிஸ்பனில் உள்ள பெலெனென்சஸ் என்ற விளையாட்டுச் சங்கத்தில் சேர வழி செய்துகொடுத்தார்.

அல்கார்வ் என்ற பெயரை வாசகர்கள் மனதில் வைத்துக் கொள்ள வேண்டுகின்றோம். அந்தப் பகுதியிலுள்ள லாகோஸ் துறைமுகத்தில்தான் 1444-ல் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட 235 பேரை மாட்டுச் சந்தையைப்போல் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். இதற்கு மதத்தின் அனுமதியும் கிடைத்தது. 1452-ல் போப் ஐந்தாம் நிக்கோலஸ், கிறிஸ்தவரல்லாதாரைப் பிடித்து நிரந்தர அடிமைகளாக்கிக் கொள்ளலாமென்று போர்ச்சுகல் ராஜாவுக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார். இப்பேர்ப்பட்ட சாசனங்களை ஆதாரமாகக் கொண்ட கொள்கை தங்களுடையதல்ல என்று வாடிகன் கைகழுவியது 2023-ல்தான்! கடவுளின் பிரதிநிதிக்கு நியாயம் தெரிய 571 வருஷங்கள் பிடித்தன. விலங்கிட்ட மக்கள் விலை பேசப்பட்ட அதே மண்ணில், 550 வருஷங்களுக்குப் பின் ஒரு கறுப்புப் பையன் கூலி வேலை செய்தான் என்பதையும், அதே தேசத்தின் கொடியைப் பின்னாளில் அவனே தூக்கி நிறுத்தினான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிற்க, போர்ச்சுகலில் பிழைத்துக்கொண்டிருந்த காலத்திலும் அவர் தம்முடைய பிறந்த நாட்டுக்காகவே ஓடினார். 1996-ல் உலக இளைஞர் பந்தயத்தில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் நைஜீரியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். 1999-ல் செவில் நகரத்து உலகப் போட்டியில் 200 மீட்டரில் வெண்கலம் பெற்றார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கின்போது அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. அப்பொழுது பிறந்த நாட்டின் விளையாட்டு அதிகாரிகள் தம்மைக் கவனியாமல் கைவிட்டு விட்டதாகவும், தம்முடைய சொந்தப் பணத்தைக் கொண்டே கனடாவில் ரணசிகிச்சை செய்துகொண்டதாகவும் அவர் சொன்னார். 2001-ல் போர்ச்சுகல் பிரஜையானார்.

அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். போர்ச்சுகல், கார்லோஸ் லோபஸ், ரோசா மோட்டா போன்ற நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன தேசம். குறுகிய தூர ஓட்டத்தில் அதற்கு அதுவரை ஒலிம்பிக் பதக்கம் கிடைத்ததில்லை. 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை, அதாவது சுமார் 109 கெஜ தூரத்தை, ஒபிக்வேலு 9.86 செக்கண்டில் ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். முதலில் வந்த அமெரிக்கர் காட்லின் 9.85, மூன்றாவது வந்த அமெரிக்கர் கிரீன் 9.87. ஒரு செக்கண்டை நூறு பங்காக்கினால் ஒரு பங்குதான் வித்தியாசம். ஐரோப்பாவுக்கு அது புது ரிக்கார்டு. 2021-ல் இத்தாலிக்காக ஓடிய ஜேக்கப்ஸ்தான் அதை முறியடித்தார். அவரும் பிறந்தது அமெரிக்காவில்! 2006-ல் ஐரோப்பியப் போட்டியில் 100, 200 இரண்டிலும் ஒபிக்வேலு தங்கம் பெற்றார். 1978-ல் இத்தாலிய மென்னேயாவுக்குப் பிறகு இரண்டையும் சேர்த்து ஜெயித்தவர் அவரே.

இப்படிப்பட்டவர்களைத்தான் தேசாபிமானிகள் என்போர் "தாய்நாட்டை விற்றவன்" என்று தூற்றுகிறார்கள். நாம் கேட்கின்றோம்: முழங்கால் ஒடிந்தபோது வராத தாய், பதக்கம் வாங்கும்போது மாத்திரம் எப்படி வந்து விடுகிறாள்? பையனுக்குச் சோறும், பயிற்சியும், வைத்தியமும் தருவது நாட்டின் கடமையில்லையா? கடமை ஒரு பக்கமும், பக்தி மற்றொரு பக்கமுமாக இருப்பதற்குப் பெயர் தேசாபிமானமா, அடிமைத்தனமா? நாட்டுக்காக மனிதன் என்பதைவிட மனிதனுக்காக நாடு என்பதே அறிவுக்குப் பொருத்தமாகும்.

ஆனால், ஏற்றுக்கொண்ட நாடுகளெல்லாம் யோக்கியமானவை என்று நாம் சொல்ல வரவில்லை. பென் ஜான்சன் கதையை எடுத்துக் கொள்ளுவோம். அவர் ஜமைக்காவில் பிறந்து 1976-ல் கனடாவுக்குக் குடிபோனவர். 1988 செப்டம்பர் 24-ந் தேதி சியோல் ஒலிம்பிக்கில் 9.79 செக்கண்டில் ஓடினார். அன்றைக்கு அவர் கனடாவின் வீரர். மூன்றாம் நாள், தகாத மருந்து சாப்பிட்டதாக வெளியாகிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவ்வளவுதான், அவரைக் கனடியர் என்று கொண்டாடிய பத்திரிகைகளிலேயே அவர் ஜமைக்காக்காரராகி விட்டார்! அவர் செய்தது குற்றந்தான்; அதற்குத் தண்டனையும் நியாயந்தான். ஆனால், குற்றம் செய்தவுடன் பிரஜாவுரிமை எப்படி ஆவியாய்ப் போய்விடும்? ஜெயித்தால் நம்மவன், தவறினால் வந்தேறி என்றால், அந்த நாடு ஏற்றுக்கொண்டது மனிதனையா, அவனுடைய இரண்டு கால்களையா?

2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் கடைசிப் பந்தயத்துக்குத் தேறாமல் போனபோது, ஒபிக்வேலு போர்ச்சுகல் ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஓட்டத்தில் தோற்பது ஒரு குற்றமா? குடியேறியவன் தன்னுடைய பிரஜாவுரிமைக்கு ஒவ்வொரு நாளும் வட்டி கட்ட வேண்டியவனாக இருக்கும்வரை அவனை நாடு முழுதும் ஏற்றுக்கொண்டதாகாது என்பதே நமது அபிப்பிராயம். பிறகு அவர் 2011-ல் 32-ம் வயதில் திரும்பி வந்து, பாரிஸில் உள்ளரங்க 60 மீட்டரில் ஐரோப்பியத் தங்கம் வாங்கினார் என்பது வேறு சங்கதி. வாங்காமல் போயிருந்தாலும் அவர் அந்நாட்டின் சரியான பிரஜைதான்.

இன்னொரு பித்தலாட்டத்தையும் சொல்லி விடுகின்றோம். "கறுப்பர்களுக்கு ஓட்டம் இரத்தத்திலேயே இருக்கிறது" என்கிறார்கள். இது புகழ்ச்சியல்ல, பயிற்சியையும் உழைப்பையும் மறைக்கும் வேலை. நைஜீரியாவிலுள்ள கோடிக்கணக்கான ஜனங்களும் 9.86 செக்கண்டில் ஓடுகிறார்களா? "அவனுக்குக் கால் பிறவியிலேயே வந்தது" என்கிறவன், அடுத்த வாயில் "நமக்கு மூளை பிறவியிலேயே வந்தது" என்பான். நம் நாட்டில் படிப்பு ஒரு சாதிக்கு, பாடு ஒரு சாதிக்கு என்று எழுதி வைத்தவர்கள் சொன்னதும் இதையேதான்.

பந்தயத்தில் துப்பாக்கி வெடித்த பிறகு கடிகாரம் யாருடைய குலம் கோத்திரத்தையும் விசாரிப்பதில்லை. எவ்வளவு நேரம் என்று மாத்திரம் சொல்லுகிறது. அந்தக் கடிகாரத்துக்கு இருக்கும் நேர்மையாவது மனிதர்களுக்கு வேண்டாமா? உழைக்க இடமும், சமமான மரியாதையும், விழுந்தால் தூக்கக் கையும் எங்கே இருக்கின்றனவோ அதுவே மனிதனுக்குச் சொந்த நாடு. அவை இல்லாத இடம் பிறந்த ஊராயினும் அந்நிய ஊரே. ஆகையால் தோழர்களே, ஊரை விட்டுப் போனவனை ஏன் போனாய் என்று கேட்பதற்கு முன், அவன் இருக்கும்படியாக நம் ஊரை வைத்திருந்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டுமென்று தெரிவித்துக் கொள்ளுகின்றோம்.