கோபுரம் சொன்ன சேதி

போன வாரம் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு அடுத்த வீட்டு அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். ஐந்து மணிக்கே காலேஜிலிருந்து திரும்ப வேண்டிய பையனைக் காணோம். போன் செய்தால், “தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்” என்று ஒரு பெண் குரல் சர்க்கரையாய்ச் சொல்கிறதாம்.

“எல்லைக்கு வெளியே என்றால் எந்த எல்லை? கடைசியாக எங்கே இருந்தான் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று கேட்டாள் அம்மாள்.

பையன் ஒன்பது மணிக்குச் சினிமாக் கொட்டகையிலிருந்து வந்து சேர்ந்து, வாங்கிக் கட்டிக்கொண்டான். அது கிடக்கட்டும். அந்தக் கேள்வி இருக்கிறதே, அது லேசுப்பட்ட கேள்வி அல்ல. அமெரிக்காவில் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் பிழைத்த கதையில் அதற்குப் பாதி விடை இருக்கிறது.

2006-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி. ஸான்பிரான்ஸிஸ்கோவைச் சேர்ந்த ஒரு தம்பதி, நாலு வயதுப் பெண்ணையும் ஏழு மாதக் கைக்குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஆரகன் மாகாணத்துப் போர்ட்லண்டிலிருந்து கோல்டு பீச் என்ற கடற்கரை ஊருக்குப் புறப்பட்டார்கள். திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள். சரி, வேறு பாதை இருக்கிறதே என்று படத்தைப் பார்த்து மலைப் பாதையில் ஏறினார்கள். இரவு, பனி கொட்டுகிறது. மரம் வெட்டுகிறவர்கள் போட்ட காட்டுப் பாதை ஒன்றில் தடம் மாறிப் போய், கார் நின்றுவிட்டது.

கையில் செல்போன் இருந்தது. பேச முடியவில்லை. மலைகளுக்கு நடுவே அலை எட்டவில்லை. பெட்ரோல் இருக்கும்வரை காரின் உஷ்ணத்தில் கிடந்தார்கள். பிறகு டயர்களைக் கொளுத்தினார்கள். இருந்த சொற்பத் தின்பண்டமும் தீர்ந்தபின், அந்தத் தாய் கைக்குழந்தையோடு நாலு வயதுப் பெண்ணுக்கும் தாய்ப்பால் கொடுத்தே உயிரைக் காப்பாற்றினாள். இதைப் படித்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

வெளியே போலீஸார் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கே என்று தேடுவது? போர்ட்லண்டிலிருந்து கடற்கரைக்கு எத்தனையோ பாதைகள். அத்தனையும் மலையும் வனமும்.

அந்தப் பகுதியில் ஒரு சின்ன செல்போன் கம்பெனி இருந்தது. அதில் வேலை பார்த்த இரண்டு என்ஜினீயர்கள், ‘நம் பதிவுகளைப் புரட்டித்தான் பார்ப்போமே’ என்று தாங்களாகவே உட்கார்ந்தார்கள். நம் போனில் பேசினாலும், ஒரு வரிச் செய்தி வந்தாலும், அது எந்தக் கோபுரத்தின் வழியாக, கோபுரத்தின் எந்தத் திசை பார்த்த கருவியின் வழியாக வந்தது என்று கம்பெனியின் கணக்கில் ஏறிவிடும். என்ன பேசினோம் என்பது அதில் இராது. பால் கணக்கு எழுதுகிற மாதிரி, எப்போது, எந்தக் கோபுரம், எந்தப் பக்கம், அவ்வளவுதான்.

அப்படிப் புரட்டியதில் அகப்பட்டது ஒரே ஒரு சுவடு. நவம்பர் 26-ந் தேதி பின்னிரவு சுமார் ஒன்றரை மணிக்கு, கிளென்டேல் என்ற ஊருக்கருகே இருந்த கோபுரத்தின் மேற்குப் பக்கம், அந்தப் போனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பேசுவதற்குப் போதாத அலை, ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்திருக்கிறது! கோபுரத்துக்கு மேற்கே எந்தெந்தச் சரிவில் அலை விழும், எந்த மலை மறைக்கும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, இந்த மலைப் பாதைப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று போலீஸாருக்குச் சொன்னார்கள். தேடுகிறவர்கள் அந்த மலையில் குவிந்தார்கள்.

டிசம்பர் 4-ந் தேதி, உள்ளூர் வியாபாரி ஒருவர் தம் சொந்த ஹெலிகாப்டரில் பறந்தபோது, கீழே ஒரு பெண் குடையை ஆட்டிக்கொண்டு நின்றாள். தாயும் குழந்தைகளும் பிழைத்தார்கள்.

கணவர் பிழைக்கவில்லை. உதவி தேடி டிசம்பர் 2-ந் தேதி காலை பனியில் நடக்கத் தொடங்கியவரின் உடலை 6-ந் தேதி ஓர் ஓடைப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். அந்த என்ஜினீயர்கள் சேதி சொன்னதும் ஏறக்குறைய அவர் நடக்கத் தொடங்கிய அதே சமயத்தில்தான். பதிவு என்னவோ முதல் இரவே கம்பெனியின் கணக்கில் ஏறி, ஒரு வாரமாகக் கேட்பாரற்றுக் கிடந்தது.

இறந்தவரின் தகப்பனார் அடுத்த மாதமே வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் எழுதினார். அந்தரங்கச் சட்டம் என்று சொல்லிக் கதவைச் சாத்தாமல், இப்படிப்பட்ட ஆபத்தில் போன் கணக்கையும் கடன் அட்டைக் கணக்கையும் நெருங்கிய உறவினருக்கு உடனே காட்ட வேண்டும் என்பது அவருடைய மன்றாட்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவர், அவர் கேட்டதில் தப்பென்ன?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வேறொரு காட்சி மனத்தில் வந்தது. புருஷனின் அடி பொறுக்காமல் ஒரு பெண் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடி, எங்கேயோ தோழி வீட்டில் ஒளிந்திருக்கிறாள். மறுநாள் காலை அவன் கம்பெனி வாசலில் கண்ணீரும் கம்பலையுமாய் நின்று, “என் மனைவியைக் காணோம், எந்தக் கோபுரம் என்று சொல்லுங்கள்” என்கிறான். அவனும் நெருங்கிய உறவினன்தானே!

2007-ல் கான்ஸஸ் மாகாணத்தில் கெல்ஸி ஸ்மித் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணை ஒருவன் கடத்திக் கொன்றான். அவளுடைய போன் எந்தக் கோபுரத்தைத் தொட்டது என்ற தகவல் கைக்கு வர நாலு நாள் ஆயிற்று. வந்த பிறகு அவள் உடல் கிடைக்க ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. பெற்றோர் விடாமல் போராடி, 2009-ல் அந்த மாகாணத்தில் மகள் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. உயிராபத்து என்றால் இருக்குமிடத் தகவலைக் கம்பெனி உடனே கொடுத்தாக வேண்டும். ஆனால் வீட்டாரிடம் அல்ல, போலீஸாரிடம். பிற்பாடு வேறு பல மாகாணங்களும் இதே மாதிரி சட்டம் போட்டன.

இதையெல்லாம் அடுத்த வீட்டு அம்மாளிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “போலீஸிடமே சொல்லட்டும், ஆனால் அன்று ராத்திரியே சொல்லட்டும்” என்றாள்.